சாக்லேட் கேக், மீன் குழம்பு, பூனை: எதற்குப் பயப்படுவது?

மதுரை மிளகு:

எங்கள் வீட்டுப் பூனை பெயர் மிளகு. நாட்டுப் பூனைதான், கறுப்பு, எடை 3 கிலோவை ஒட்டி இருக்கும். லீவுக்கு அக்கா பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் பெரியவனுக்குப் பிறந்தநாள், பேக்கரியில் சொல்லி பிளாக் ஃபாரஸ்ட் கேக் வாங்கியிருந்தோம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னவள் தன் தட்டைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்து மிளகுக்கு விருந்து போட்டிருக்கிறாள். நான் பார்த்தபோது மேலே இருந்த வெள்ளைக் கிரீம் முழுக்கக் காலி, அதன் மேல் தூவியிருந்த சாக்லேட் துருவலும் கொஞ்சம் போயிருக்கும், கேக் மட்டும் ஓரத்தில் லேசாகக் கடித்தபடி அப்படியே இருந்தது. சாக்லேட் பூனைக்கு விஷம் என்று கேள்விப்பட்டிருந்ததால் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இதுவரை வாந்தி இல்லை, காலையில் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து அணிலை முறைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பூனைக்கு எதெல்லாம் ஆகாது என்று இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக வருகிறது, அவகாடோ, மக்கடாமியா கொட்டை, ஒயின் என்று. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? சாம்பார், ரசம், மீன் குழம்பு, கறிக் குழம்பு, தயிர், பாயாசம், காபி, இவ்வளவுதான் எங்கள் அடுப்படி. இதில் எது ஆகாது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். என் மாமியார் தான் சாப்பிடும்போது ஒரு பிடி சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து மிளகுக்கு வைப்பார். அன்போடு செய்வதை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, சொன்னால் காரணமும் கேட்பார்.

மொட்டைமாடி:

கிரீமை மட்டும் நக்கிவிட்டு கேக்கை விட்டது ஆச்சரியமே இல்லை. பூனைக்கு இனிப்பு ருசி தெரியாது. நாக்கில் இனிப்பை உணர்கிற ஏற்பி உருவாக இரண்டு மரபணுக்கள் வேண்டும், அதில் ஒன்று பூனைக் குடும்பத்துக்கே பழுதாகிக் கிடக்கிறது, வீட்டுப் பூனை, சிறுத்தை, புலி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற மோனெல் ஆய்வு மையத்தார் 2005ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் சாக்லேட்டைத் தேடிப் போய்த் தின்கிற பூனை அபூர்வம், இந்த விஷயத்தில் நாய்தான் ஆபத்தான ஆசாமி, டப்பாவோடு விழுங்கும். பூனையை இழுப்பது கொழுப்பு. வெண்ணெய், கிரீம், ஐஸ்கிரீம், சீஸ் இதெல்லாம் எந்த உணவில் கலந்திருந்தாலும் மூக்கை நுழைக்கும், அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்றதும் வயிற்றுக்குள் போகும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

டாக்டருக்குப் போன் மட்டும் போட்டுச் சொல்லிவிடுங்கள், அதில் ஒன்றும் நஷ்டமில்லை.

ஊசிமருந்து:

நான் கால்நடை மருத்துவர், நாமக்கல்லில் படித்தேன், இப்போது சிறு பிராணிகளை மட்டும் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் பொதுவான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட்டில் பிரச்சினை தியோப்ரோமின் என்கிற சரக்கு, கூடவே கொஞ்சம் கஃபீன். நம் உடம்பு இதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், நாய் பூனை உடம்பில் அது நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதயத் துடிப்பு எகிறும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு ஆபத்து என்பது எந்த சாக்லேட் என்பதைப் பொறுத்தது. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் தியோப்ரோமின் இருக்கும், டார்க் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கு மேல், இனிப்புச் சேர்க்காத பேக்கிங் சாக்லேட்டில் 14க்கு மேல், சுத்தமான கோகோ பொடியில் 20க்கும் மேலே போகும். வெள்ளை சாக்லேட்டில் பெயருக்குத்தான். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, அமைதியில்லாமல் அலைவது தொடங்கும். 40, 50 என்று ஏறினால் இதயம் பாதிக்கும், 60க்கு மேல் வலிப்பு வரலாம். இந்த எல்லைகள் பெரும்பாலும் நாய்களை வைத்து வகுத்தவை, பூனைக்கும் இதையே வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னெச்சரிக்கையாக நடப்போம்.

இப்போது மிளகு. 3 கிலோ என்றால் 60 மில்லிகிராமில் தொந்தரவு ஆரம்பிக்கும். துருவல் 5 கிராமே தின்றிருந்தாலும், அது அசல் டார்க் சாக்லேட்டாகவே இருந்தாலும், 25 அல்லது 30 மில்லிகிராம்தான். எல்லைக்குப் பாதி. அறிகுறி வருவதாக இருந்தால் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இன்று ராத்திரி வரை ஒரு கண் வைத்திருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கைகால் நடுக்கம், நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடிப்பது, இதில் எது தெரிந்தாலும் கூடையில் போட்டுக் கிளம்பிவிடுங்கள். மற்றபடி அவ்வளவு கிரீமுக்கு வயிறு கொஞ்சம் இளகலாம், தண்ணீர் நிறைய வையுங்கள். ஆனால் ஒன்று, இதே வீட்டில் அலமாரியில் கேக் செய்ய வாங்கிய கோகோ பொடி திறந்திருந்து அதில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்று அதிகம் போயிருந்தால் நான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேக்கை விடுங்கள். மாமியார் பிசைந்து வைக்கிற குழம்புச் சோறுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எது இருக்கிறது? பூனைக்கு நம் சமையலறையில் இருக்கிற பெரிய எதிரி அந்த இரண்டும்தான். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத் தாள் எல்லாம் ஒரே குடும்பம், அவற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். நம் ரத்தமும்தான் வெங்காயத்தைச் சந்திக்கிறது, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பூனையின் ஹீமோகுளோபினில் இந்தத் தாக்குதலுக்கு இடம் கொடுக்கிற கந்தகக் கண்ணிகள் 8 இருக்கின்றன, நாய்க்கு 4, மனிதனுக்கு 2. அங்கே அடி விழுந்ததும் ஹீமோகுளோபின் உறைந்து அணுவுக்குள் சின்னச் சின்ன முடிச்சாக ஒட்டிக்கொள்ளும், ஹைன்ஸ் பாடி என்போம், மைக்ராஸ்கோப்பில் நன்றாகத் தெரியும். அப்படிக் கெட்டுப்போன அணுக்கள் உடைய உடைய ரத்தசோகை வரும்.

அளவு சொல்கிறேன். கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே பூனை ரத்தத்தில் மாற்றம் தெரியும். உங்கள் மிளகுக்கு 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பூண்டு அதைவிட வீரியமானது, அதில் இன்னும் குறைவே போதும். வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் காய வைத்துப் பொடித்தாலும் இந்த விஷம் போகாது, பொடியில் இன்னும் செறிவாக இருக்கும். வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கிறோம் என்பார்கள், சாரம் ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டதே. ஒரேயடியாகத் தின்றால்தான் என்றும் இல்லை, தினம் கொஞ்சம் என்று போனாலும் சேதம் சேரும். 1998ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. உடம்பு சரியில்லாத பூனைக்குச் சாப்பிட வைக்க, குழந்தைகளுக்கான டப்பா உணவை அங்கே ஊட்டுவது வழக்கம், அதில் ருசிக்காகக் கலந்திருந்த வெங்காயப் பொடியே போதும் பூனை ரத்தத்தில் இந்த முடிச்சுகள் உண்டாக என்று காட்டினார்கள்.

சாக்லேட் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். வெங்காயம் அப்படியில்லை. இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் பூனை சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு வேகமாகும், சிறுநீர் காபி நிறத்துக்கோ சிவப்புக்கோ போகும். அதற்குள் என்ன தின்றது என்றே வீட்டில் மறந்திருப்பார்கள். "ஒன்றுமே கொடுக்கவில்லை சார், வழக்கமான சாப்பாடுதான்" என்றுதான் சொல்வார்கள். அந்த வழக்கமான சாப்பாடு என்ன என்று கேட்டால் குழம்பு வரும்.

மாமியார் காரணம் கேட்டால் பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டுங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெங்காயம் அந்தச் சிவப்பைத்தான் எடுத்துவிடும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பழையபேட்டை:

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பூனை என்றாலே மீன் குழம்புச் சோறு தின்றுதான் வளர்ந்தது. எங்கள் பாட்டி வீட்டில் எப்போதும் நான்கைந்து சுற்றிக்கொண்டிருக்கும், எல்லாம் எச்சில் சோறு தின்று குட்டி மேல் குட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தன. வெங்காயம் தின்று செத்தது என்று ஒன்றையும் பார்த்ததில்லை. இப்போதுதான் பூனைக்குத் தனி பாக்கெட், தனி டாக்டர் என்று வந்த பிறகு எல்லாமே விஷமாகிவிட்டது.

ஊசிமருந்து:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பூனைகளில் எத்தனை ஐந்து வயது தாண்டின என்று யாராவது கணக்கு வைத்தார்களா? பூனை காணாமல் போனால் "எங்கோ போய்விட்டது" என்போம், அதோடு முடிந்தது. வீட்டுக்குள் வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வயது சாதாரணம்.

இன்னொரு விஷயம், பாட்டி வீட்டுப் பூனை உண்மையில் என்ன தின்றது என்று யோசித்துப் பாருங்கள். மீன் செதுக்கும்போது தலையும் குடலும் வாலும் அதற்குத்தான் போகும். நெல் கொட்டிய வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. பல்லி, குருவி, ஓணான் எல்லாம் உண்டு. குழம்புச் சோறு பசிக்குத் துணை, அதிலும் மீன் துண்டைப் பொறுக்கிவிட்டுச் சோற்றைப் பாதி விட்டுப் போயிருக்கும். இன்றைக்கு மாடி வீட்டில் அடைத்து வைத்த பூனைக்கு எலியும் இல்லை, மீன் தலையும் இல்லை, தட்டில் வைப்பது மட்டும்தான் உணவு. தட்டில் தவறு இருந்தால் ஈடு செய்ய வேறு வழி அதற்கு இல்லை.

சைவ வீடுகளில் தயிர்சாதம், பால்சாதம் மட்டும் போட்டு வளர்க்கிறவர்களுக்கும் இதே சங்கதி. விஷம் இல்லைதான், ஆனால் பூனைக்கு டாரின் என்கிற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், அதன் உடம்பு போதிய அளவு தானாகத் தயாரிக்காது. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். டாரின் குறைவுக்கும் இந்த இதய நோய்க்கும் உள்ள தொடர்பு 1987ல்தான் தெரிந்தது, அதற்கு முன் நாங்களும் காரணம் தெரியாமல்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், நாங்கள் என்றால் எங்கள் துறைக்காரர்கள், நான் அப்போது பள்ளிக்கூடம் கூடப் போகவில்லை.

பழையபேட்டை:

சரி டாக்டர், எலி விஷயம் யோசிக்க வேண்டியதுதான். எங்கள் பாட்டி வீட்டில் குதிர் இருந்தது. ஆனாலும் பால் கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஊசிமருந்து:

சொல்லத்தான் போகிறேன். குட்டியில் தாய்ப்பாலைச் செரிக்கிற நொதி வளர வளரக் குறைந்துவிடும், அதனால் பெரிய பூனை பல பேருக்குப் பசும்பால் பேதிதான். விஷமில்லை, ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாத பூனைகளும் உண்டு. தயிரில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கொஞ்சம் குறைவு, ஒரு ஸ்பூன் நக்கினால் பரவாயில்லை. குடிக்க வேண்டியது தண்ணீர்.

தூத்துக்குடிக்காரன்:

மீனை நிறுத்தச் சொல்கிறார்களோ என்று பதறாதீர்கள் அக்கா, வழி சுலபம். குழம்பு கொதிப்பதற்கு முன்னால் இரண்டு துண்டை எடுத்துத் தனியாக வெறும் தண்ணீரில் வேக வைத்துவிடுங்கள். உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம். ஆறியதும் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுங்கள், உங்கள் மாமியாரே தன் கையால் கொடுக்கட்டும், கொடுக்கிற சந்தோஷம் அவருக்கும் குறையாது. எங்கள் வீட்டில் அம்மா கறி எடுத்தாலும் இப்படித்தான், மஞ்சள் பொடி போடுவதற்கு முன்னாலேயே பூனைப் பங்கு தனிக் கிண்ணத்துக்குப் போய்விடும்.

முள் விஷயத்தில் ஏமாறாதீர்கள். பூனைக்கு முள் ஒன்றும் செய்யாது என்பது சும்மா. வெந்த முள்ளும் வெந்த கோழி எலும்பும் ஒடிந்தால் ஊசி மாதிரி நிற்கும், தொண்டையில் சிக்கினால் பூனை முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருக்கும், எச்சில் ஒழுகும். நெத்திலி, சாளை மாதிரிப் பொடி மீன் என்றால் நன்றாக மசித்துக் கொடுங்கள்.

பச்சை மீன் தினமும் போடாதீர்கள். சில வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற நொதி இருக்கிறது, அதையே தின்று வளர்கிற பூனைக்குத் தலை தொங்கிப்போகும், நடை தள்ளாடும். வேக வைத்தால் அந்த நொதி செத்துவிடும். கருவாட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும், அது முழுக்க உப்பு. வாசத்துக்கு மயங்கிப் பூனை கத்தும், மனசை இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஊசிமருந்து:

தூத்துக்குடித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன், வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள். அளவு என்று பார்த்தால் 3, 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 200 கலோரி ஒட்டித்தான் தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்கு வேண்டாம் என்போம், வேக வைத்த கோழி நெஞ்சுக் கறி என்றால் 12 கிராம், இரண்டு விரல் அளவுத் துண்டு. வெறும் மீனையோ கோழியையோ மட்டும் முழுச் சாப்பாடாகப் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும், அதனால் பூனைக்கென்று சமன் செய்த உணவு அடிப்படையாக இருக்கட்டும்.

புளியைத் தம்பி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு சேதி இருக்கிறது. திராட்சையும் உலர் திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப வருஷமாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அண்மைக் காலத்தில் சொல்கிறார்கள், புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதைப் பார்த்துத்தான் அந்தச் சந்தேகம் வலுத்தது. நம் புளியில் அந்த அமிலம் நிறைய. பூனைக்கு நாய் அளவு ஆபத்து என்று உறுதியாகச் சொல்கிற சான்று கிடையாது, இருந்தாலும் பாயாசத்தில் கிடக்கிற கிஸ்மிஸும் புளிக்குழம்பும் வேண்டாமே. வீட்டில் நாயும் இருந்தால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

இரண்டு வால்:

எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பூனைகள். பிள்ளைகளைத் திட்டி ஒன்றும் ஆகாது, திட்டினால் அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி வைப்பார்கள். எனக்குப் பலித்த ஒரே வழி, பூனைக்குக் கொடுக்கிற வேலையை அவர்களிடமே ஒப்படைத்தது. ஒரு சின்ன டப்பாவில் பூனைத் தீனியை அளந்து போட்டு, "இது முழுக்க நீதான் கொடுக்கணும், இதைத் தவிர வேறு எது கொடுத்தாலும் அதுக்கு வயிறு வலிக்கும்" என்று சொல்லிவிட்டேன். இப்போது வீட்டுக்கு விருந்தாளி வந்து பூனையிடம் முறுக்கு நீட்டினால் என் மகள் போலீஸ் வேலை பார்க்கிறாள்.

விசேஷ நாளில் மட்டும் கேக் வெட்டுகிற நேரத்திலும் பந்தி நேரத்திலும் பூனைகளை ஓர் அறையில் தண்ணீரும் மண் தொட்டியும் வைத்து மூடிவிடுவேன். கத்தும், கத்தட்டும். குப்பைக் கூடைக்கு மூடி முக்கியம், சிக்கன் 65 வாங்கி வந்த காகிதத்தை நக்குவதற்காகவே எங்கள் சின்னது கூடையைக் கவிழ்க்கும். அதில் பூண்டு விழுது எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம்.

டாக்டர் சார், சூப் கட்டி, நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ் இதிலெல்லாம் கூட வெங்காயப் பொடி இருக்கும் இல்லையா?

ஊசிமருந்து:

இருக்கும் அம்மா, பெரும்பாலானவற்றில். பொருள் பட்டியலில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி என்றே போட்டிருப்பார்கள், சிலதில் மசாலா என்று பொதுவாக எழுதி முடித்துவிடுவார்கள். காய்ச்சலில் கிடக்கிற பூனைக்குத் தெம்பு வரட்டும் என்று கடையிலிருந்து சிக்கன் சூப் வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டில் வெறும் கோழியை வேக வைத்த தண்ணீர் இருக்கும்போது அது எதற்கு?

விசேஷ வீட்டில் சாப்பாட்டுக்குச் சமமாக இன்னொரு ஆபத்து நூல். கேக் டப்பா ரிப்பன், பலூன் கயிறு, கறி கட்டி வந்த நூல், பூ கட்டிய நூல், அதுவும் மீன் வாசமோ கிரீமோ பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பூனை நாக்கில் முட்கள் உள்நோக்கி இருக்கின்றன, வாய்க்குள் போன நூலை அதால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். குடலைச் சுருக்குப்பை மாதிரி இழுத்துவிடும், அறுத்தும் விடும். வாயிலோ பின்னாலோ நூல் நுனி தெரிந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

மதுரை மிளகு:

எல்லாருக்கும் நன்றி. ஈறு பார்த்தேன், நல்ல இளஞ்சிவப்பு. காட்டியதும் மாமியார் ஒன்றும் பேசாமல் இன்று வாங்கிய விளை மீனில் ஒரு துண்டை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். டாக்டர் சார், இனிமேல் எப்போதாவது ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்கலாமா? பக்கத்து வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்தைப் பூனைக்கும் ரெண்டு சொட்டு கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

ஊசிமருந்து:

இரண்டும் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

உப்புத் தண்ணீர் பூனைக்கு வாந்தியும் கொண்டுவராது, ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைப் பாதிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்லி வெளிநாட்டுப் பக்கங்களில் இருக்கும், அது நாய்க்குச் சொன்னது, அதையும் மருத்துவர் சொன்னால்தான். பூனைக்குக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும். நல்லெண்ணெய், மோர், தேங்காய்ப்பால் என்று வாயைப் பிளந்து ஊற்றுவதும் ஆபத்து, புரையேறி நுரையீரலுக்குப் போனால் தின்ற பொருளைவிட அந்தச் சளிக்காய்ச்சல் பெரிய தலைவலி. வாந்தி எடுக்க வைக்கப் பூனைக்கென்று ஊசி எங்களிடம் இருக்கிறது, தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதில் பலன் அதிகம். அதனால் வீட்டில் வைத்தியம் பார்த்து அந்த நேரத்தைத் தொலைக்காதீர்கள். வரும்போது உறையைக் கொண்டு வாருங்கள், எப்போது தின்றது, சுமார் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

காய்ச்சல் மருந்து என்றால் பாராசிட்டமால். நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் இதுதான் கொடியது, சாக்லேட், வெங்காயம் எல்லாம் இதற்குப் பின்னால்தான். இந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற நொதி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே விஷமான பூனைகள் உண்டு. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உங்கள் மிளகைக் கொல்லப் போதும், இப்போது வீட்டுக்கு வீடு 650 தான் இருக்கிறது. ஈறு சிவப்பு போய் பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன், ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால் பலன் குறையும். குழந்தை சிரப்பும் அதே மருந்துதான், ரெண்டு சொட்டு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

மொட்டைமாடி:

இதையெல்லாம் படிக்கிறவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை, ராத்திரி எந்த இடத்தில் டாக்டர் இருப்பார் என்று இப்போதே விசாரித்து நம்பரைப் போனில் போட்டு வைப்பது. சென்னையில் இருக்கிறவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருக்கிறவர்களுக்கும் கால்நடைக் கல்லூரி உண்டு. மற்ற ஊர்களில் தனியார் கிளினிக்கில் எது இரவில் திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் பெயர்ப்பலகையில் 24 மணி நேரம் என்று இருக்கும், போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு வால்:

எடையையும் குறித்து வையுங்கள் மதுரை அக்கா. "3 கிலோவை ஒட்டி" என்றால் டாக்டர் எந்தக் கணக்குப் போடுவார்? பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், அப்புறம் இறக்கிவிட்டுத் தனியாக ஏறுங்கள், கழித்தால் வந்துவிடும்.